எனக்குப் பால் ஊற்றக் குறித்த வெள்ளிக்கிழமை

எனக்குப் பால் ஊற்ற வெள்ளிக்கிழமைதான் நல்ல நாள் என்று என் அக்கா முடிவு செய்தபோது, நான் அவள் கைக்கெட்டும் தூரத்தில் கட்டிலில் படுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். "காலீலயே வெச்சிக்கலாம். ராகுகாலம் வர்றதுக்குள்ள ஜல்தியா முடிச்சிடணும்" என்றாள். சாகப்போகிறவனுக்கு ராகுகாலம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? வாய் மட்டும் அசைந்திருந்தால் அங்கேயே கேட்டிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு சாங்கியம் உண்டு. படுக்கையில் விழுந்த ஒருவர் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், சொந்தக்காரர்கள் கூடி குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடையில் ஆளுக்கு ஒரு தடவை பாலை வாயில் விடுவார்கள். மனசு நிறைந்து உயிர் சுகமாகப் பிரியும் என்று நம்பிக்கை. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. சிக்கல் என்னவென்றால், நான் இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை. பக்கவாதம் வந்து உடம்பு மொத்தமும் கட்டையாகிவிட்டதே தவிர, உள்ளே நான் முழுசாக, அதே ஆளாக, அதே கோபத்தோடு இருந்தேன். இன்னொரு சிக்கல், எனக்கு விழுங்க வராது. வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நர்ஸம்மா என் மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்பினாராம். எது கொடுத்தாலும் மூக்கில் இருக்கிற டியூப் வழியாகத்தான். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலும் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். ஆக, வெள்ளிக்கிழமை வருகிற கூட்டம் ஆளுக்கு ஒரு பாலாடை ஊற்றினால் என் உயிர் நிஜமாகவே போய்விடும். சாங்கியம் எப்படிப் பலித்தது பார் என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

வியாதி வந்த கதை பெரிய கதை இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பவர்லூம் ஷெட்டில், தறிக்குப் பின்புறம் குனிந்து அறுந்துபோன பட்டு இழையை முடிந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தேன். தலை சுற்றியது. அவ்வளவுதான் ஞாபகம். வேலூரில் இருந்த நாட்களில் பெரும்பாலும் தூக்கம்தான்; யாரோ பேசுவதும் யாரோ ஊசி போடுவதும் எங்கோ தூரத்தில் நடந்தது. கிளம்பும் அன்று டாக்டர் என் மனைவியிடம், "அவருக்கு எல்லாம் புரியலாம்மா. புரியுதுன்னு நெனச்சே பேசுங்க. அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க, திரும்பப் பாக்கலாம்" என்று சொன்னாராம். சொந்தக்காரர்கள் அதை ஆறுதல் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் கண்ணமங்கலம் தாண்டி ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டபோதுதான் எனக்கு முழு விழிப்பு வந்தது. ஊருக்குப் போகிறோம் என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா மெல்லிய குரலில் ஒப்பாரி வைத்துக்கொண்டு வருவது காதில் விழுந்தது.

எனக்கு அசைந்தது இரண்டே விஷயம். இமை மூடித் திறக்கும். கண்ணை மேலேயும் கீழேயும் ஓட்ட முடியும். பக்கவாட்டில் ஓடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் அது பார்த்து எழுந்து போனால்தான் உண்டு. வருகிறவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேக்குதுன்னா கைய அழுத்துப்பா" என்பார்கள். அழுத்த முடிந்தால் நான் ஏன் இப்படிக் கிடக்கிறேன், கழுத்தையே நெரித்திருக்க மாட்டேனா? நான் கண்ணை மேலே கீழே என்று ஓட்டி ஓட்டிக் காட்டுவேன். முகத்தைப் பார்த்தவர்கள் அடுத்த நொடியே அழுது முந்தானையால் கண்ணை மூடிக்கொள்வார்கள். அக்கா ஒருத்திதான் கண்ணை உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "கண்ணு சொருகுது பாருங்க" என்றாள். அதோடு அந்த வழியும் அடைபட்டது.

என் மனைவிக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. டியூபில் கஞ்சி விடும்போது சட்டென்று நிறுத்தி என்னைப் பார்ப்பாள். நான் உயிரைக் கொடுத்து மேலே பார்ப்பேன். அவளுக்குக் கண்ணீர் வந்துவிடும். கண்ணீரோடு பார்த்தால் என் கண் அசைவது எங்கே தெரியப்போகிறது? மகள் பெங்களூரில் நிறைமாதமாக இருந்தாள். பயணம் கூடாது என்று அவளை யாரும் வரவிடவில்லை. ஆக வீட்டில் அக்கா வைத்ததுதான் சட்டம். எனக்குப் புண்ணியம் சேரட்டும் என்று ஃபோனில் ஒரு மந்திரத்தைப் போட்டு என் தலையணையில், வலது காதை ஒட்டினாற்போல வைத்துவிட்டாள். ஒரே வரி. காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அதே வரி. ஃபோனில் சார்ஜ் இறங்கினால் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். உடனே யாராவது ஓடிவந்து ஒயரைச் சொருகிவிடுவார்கள்.

நாள் போகப் போக, இவன் உயிர் ஏன் இன்னும் போகவில்லை என்று தெருவே யோசிக்க ஆரம்பித்தது. "உசுரு எதுலயோ மாட்டிகினு கீது. ஏதோ ஆச பாக்கி" என்றார்கள். என் ஆசை என்ன என்று ஆளாளுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். தொழில் ஆசையாக இருக்கும் என்று ஒருவர் புது ஜரிகைக் கண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் நெஞ்சின்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னொருவர், "இவன் பிரியாணிக்கு உயிர வுடுவானே" என்று கடையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கிவந்து பிரித்து என் மூக்கருகே காட்டினார். ஐயோ, அந்த வாசனை! டியூப் கஞ்சியைத் தவிர வேறொன்றும் பார்க்காத உடம்பு. உதட்டில் கொஞ்சம் மசாலாவைத் தடவ வந்தவரை என் மனைவி கையைப் பிடித்து வெளியே தள்ளினாள். என்னைப் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தைக் காலி செய்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் அக்காதான் கண்டுபிடித்தாள். "தம்பிகிட்ட பேசாம போறானே, அதான். அதான் அவனுக்கு மனசு அடங்கல" என்றாள்.

என் தம்பி பக்கத்து வீடு. ஒரே வீடாக இருந்ததை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தது. பின்னால் ஷெட் மட்டும் பொது. அவன் தறி ஒரு பக்கம், என் தறி ஒரு பக்கம். பேச்சு நின்று வருஷக்கணக்கில் ஆகிறது. காரணம் என் மகள் கல்யாணப் பத்திரிகை. நல்வரவை விரும்புகிறவர்கள் என்று போடுகிற இடத்தில் என் மச்சான் பெயரை முதலிலும் தம்பி பெயரை இரண்டாவதாகவும் போட்டேன். பெண்ணுக்குத் தாய்மாமன் முதலில் வருவதுதான் முறை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவன், "சித்தப்பன்னா எளக்காரமா?" என்று குதித்தான். கல்யாணத்துக்கு வந்தான், சாப்பிட்டான், மொய் எழுதினான், என்னிடம் பேசவில்லை. சரிதான் போ என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் வேலை நடக்க வேண்டுமே. பவர்லூம் ஓடுகிற ஷெட்டுக்குள் எப்படியும் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் எல்லாமே கண் ஜாடைதான். முகவாயைத் தூக்கினால் 'இன்னா?' என்று அர்த்தம். கண்ணை மேலே தூக்கினால் 'சரி, ஓட்டு'. கீழே இறக்கினால் 'நிறுத்து'. இழை அறுந்தாலும் தார்க்குச்சியில் நூல் தீர்ந்தாலும் கரண்டு போகப்போகிறது என்றாலும் இதற்குள்ளேயே சமாளித்துவிடுவோம். சண்டை வந்த பிறகும் இது நிற்கவில்லை. கண் ஜாடை பேச்சில் சேராது என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளாமலே ஒத்துக்கொண்டிருந்தோம். ஷெட்டை விட்டு வெளியே வந்தால் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

நான் வேலூரிலிருந்து வந்த நாளிலிருந்து ஷெட்டில் சத்தமே இல்லை. என் தறி நின்றது சரி. அவன் தறியும் ஓடவில்லை. அது எனக்கு என்னவோபோல இருந்தது. அழுகையாக வந்தது என்றே சொல்கிறேன், இனிமேல் எனக்கென்ன வெட்கம்?

வியாழக்கிழமை என் மனைவி கடைசியாகப் போராடிப் பார்த்தாள். "அக்கா, வாயில ஒண்ணும் கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. நான் வுடமாட்டேன்" என்றாள்.

"அது மருந்து மாத்திரைக்கு சொன்னது. இது சாங்கியம். அவன் கஷ்டப்பட்டுகினு கீறான், உனக்குப் பாவமா இல்ல?" என்று அக்கா கேட்டாள். என் மனைவி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மட்டும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பயமாக இருந்தது. சாவதைவிட, நான் இங்கே இருந்தேன் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுமே என்றுதான் அதிகப் பயம்.

வெள்ளிக்கிழமை காலையில் அறை நிரம்பிவிட்டது. பால் காய்ச்சி ஆறவைத்து டம்ளரில் வந்தது. பக்கத்தில் வெள்ளிப் பாலாடை. மந்திரம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. "நீதான்டா மொதல்ல ஊத்தணும். உன்னாலதான் அவன் உசுரு நிக்குது" என்று அக்கா என் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கட்டிலில் உட்காரவைத்தாள்.

அவன் தாடியும் அழுக்கு லுங்கியுமாக இருந்தான். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அந்த மூஞ்சியைப் பார்த்ததும் எனக்கு வந்ததே ஒரு கோபம்! இத்தனை வருஷம் ஒரு வார்த்தை பேசாதவன், எனக்குப் பால் ஊற்ற மட்டும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டானா? அதுவும் கண்ணைக் கசக்கிக்கொண்டு! உடம்பில் மிச்சம் இருந்த பலத்தையெல்லாம் கண்ணுக்குக் கொண்டுவந்து அவனை முறைத்தேன்.

பாலாடை என் உதட்டில் பட்டது. இளஞ்சூடு. அப்படியே நின்றது.

"அக்கா, இவரு மொறைக்கிறாரு" என்றான் தம்பி.

"மொறைக்கல, சொருகுது. ஊத்துடா, நேரம் ஆவுது."

"எனக்குத் தெரியாதா? இத்தினி வருஷமா இந்த மொறைப்பத்தானே தின்னுகினு கீறேன். இது அதேதான்." பாலாடையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். யோசிக்காமல்தான் செய்தான் என்று நினைக்கிறேன்: தறிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பதுபோல முகவாயைத் தூக்கினான். இன்னா?

நான் கண்ணைக் கீழே இறக்கினேன். எவ்வளவு தூரம் இறங்குமோ அவ்வளவு தூரம். நிறுத்து.

பாலாடை சரிந்து பால் என் கழுத்தில் சிந்தியது. "நிறுத்தச் சொல்றாருக்கா" என்றான். என் பக்கம் திரும்பினான். "இன்னாத்த நிறுத்த? பாலயா?"

மேலே பார்த்தேன்.

யாரோ, "தற்செயலா அசைஞ்சிருக்கும்பா" என்றார்கள். தம்பி பாலாடையைத் தரையில் வைத்தான். சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டான். என் முகத்துக்கு நேரே குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டான்: "பத்திரிகையில எம்பேர ரெண்டாவதா போட்டியே, அது தப்புதானே? ஒத்துக்கிறியா?"

இறக்கினேன் கண்ணை. கீழே. மறுபடி கீழே. இன்னொரு தடவையும் கீழே.

"பாத்தீங்களா!" என்று கத்தினான் தம்பி. "முழுசா கீறாரு! உள்ள முழுசா கீறாரு! செத்தாலும் ஒத்துக்க மாட்டாரு இந்த ஆளு!" சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. என் நெற்றியோடு நெற்றியை வைத்து முட்டினான், வலித்தது. அந்த வலி எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

அதற்குப் பிறகு நடந்த அமளியைச் சொல்ல முடியாது. என் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து, "நான் சொன்னேனே, நான் சொன்னேனே" என்று எல்லோரையும் பார்த்துச் சண்டைக்கு நின்றாள். தம்பி, "இரு, இரு, மொதல்ல இவருக்கு இன்னா வோணும்னு கேக்கலாம்" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். தண்ணியா? கீழே. ஃபேனா? கீழே. வலியா? கீழே. இந்தப் பாட்டா? மேலே! மேலே! மேலே! ஃபோனை எடுத்து அணைத்தான். அப்படி ஒரு அமைதியை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போலக் கூட்டம் கலகலவென்று பேச ஆரம்பித்துவிட்டது. காய்ச்சின பாலை வீணாக்குவானேன் என்று யாரோ எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தார்கள்.

மத்தியானம் எல்லோரும் போன பிறகு என் மனைவி கஞ்சி விட வந்தாள். டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னாங்க, இத்தினி நாளா நான் பேசினதெல்லாம் கேட்டுகினுதான் இருந்தீங்களா?" என்றாள்.

மேலே.

"எல்லாமேவா?"

மேலே.

"அன்னிக்கு இந்த ரூம்ல நின்னுகினு உங்களத் திட்டினேனே, அதுவா?"

மேலே என்றேன். அவள் முகம் சிவந்துபோனது. என்ன திட்டினாள் என்பதை இங்கே எழுத மாட்டாள். ஆமாம், எழுதுவது அவள்தான். அடுத்த மாதம் வேலூருக்குப் போனபோது டாக்டர், "நான் அப்பவே சொன்னேனே" என்பதுபோலப் பார்த்தார். சொன்னீர்கள் ஐயா, நாங்கள்தான் கேட்கவில்லை. எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, நான் மேலே பார்க்கும் இடத்தில் நிறுத்தி எழுதிக்கொள்கிற முறையை அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வரி முடிய ஒரு பொழுது ஆகிறது. அவசரத்தில் அவள் தன் சொந்தச் சரக்கையும் நடுவில் சேர்த்துவிடுகிறாள். படித்துக் காட்டும்போது கண்ணை இறக்கி நிறுத்துவேன். "நல்லாத்தானே கீது, இருக்கட்டும்" என்று மேலே போய்க்கொண்டே இருப்பாள்.

தம்பி தினமும் வந்து எனக்குச் சவரம் செய்து, திருப்பிப் படுக்கவைத்துவிட்டுப் போகிறான். அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாளே தறியை ஓட்ட ஆரம்பித்துவிட்டான். என் தறிக்கும் ஆள் போட்டிருக்கிறான். அந்தச் சத்தம் கட்டில் கால் வழியாக முதுகில் அதிருவது சுகமாக இருக்கிறது. எங்கள் சண்டை தீரவில்லை. இப்போதும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவன் முகவாயைத் தூக்குகிறான், நான் கண்ணால் சொல்கிறேன். அது பேச்சில் சேராது.

அக்கா மட்டும் அன்றைக்குப் பிறகு என் அறைக்கே வரவில்லை. வீட்டில்தான் இருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவாள், பாத்திரம் தேய்ப்பாள், என் துணியெல்லாம் துவைப்பாள். வாசற்படி வரைக்கும் வந்து, திரும்பிப் போவாள். ஒரு நாள் என் மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் மெல்ல உள்ளே வந்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். போர்வையைச் சரிசெய்தாள். சரியாக இருந்த போர்வையை மறுபடியும் சரிசெய்தாள்.

"அன்னிக்குப் பாலு காய்ச்சினது நான்தான்டா" என்றாள்.

அது எனக்குத் தெரியாதா?

"வெறும் பாலு உனக்கு எறங்காதேன்னு சக்கர தூக்கலா போட்டேன். ஏலக்கா தட்டிப் போட்டேன்." வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அவன் மட்டும் ஊத்தியிருந்தான்னா நான் இன்னாடா பண்ணியிருப்பேன்? எங்கையால காய்ச்சின பாலுடா."

நான் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். "எம்மேல கோவமா கீறியா?"

கீழே பார்த்திருந்தால் முடிந்திருக்கும். அவளுக்கும் நிம்மதி, எனக்கும் தொல்லை விட்டது. ஆனால் எத்தனை நாள் இதே கட்டிலில், யாராவது என்னை ஒரு கேள்வி கேட்டு நான் சொல்கிற பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தேன்! சொருகுது, சொருகுது என்று சொன்னவளே இப்போது கேட்கிறாள். அவளிடம் போய்ப் பொய் சொல்வதா? கண்ணை மேலே தூக்கினேன். ஆமாம், கோபம்தான்.

அக்கா இன்னும் கிட்டே வந்தாள். "இன்னொரு தபா சொல்லு."

மேலே.

டியூபோடு சேர்த்து என் முகத்தை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டாள். "கோவமா கீறான்! எந்தம்பி எம்மேல கோவமா கீறான்!" கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். "கோவப்படுடா. நல்லா கோவப்படு. நான் போய்ச் சேர்ற வரிக்கும் எம்மேல கோவமாவே இரு."

என் மனைவி ரேஷன் கடையிலிருந்து திரும்பி வருகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவே இல்லை. கோவமா, கோவமா என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலைந்து தடவைக்குப் பிறகு என் கோபம் போய்விட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கக் கேட்க நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.